ஹாலிலேயே ஓடலாமா? அசைவு விளையாட்டும் நம் உடம்பும்



இந்த மாதப் பாடத்தை ஒரு சின்னக் காட்சியோடு தொடங்குவோம். பெஸ்தாரி ஜெயா பக்கம் ஒரு தாமான் வீடு. இரவு எட்டரை மணி. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடிந்து ஃபேக்டரி பஸ்ஸில் வந்திறங்கிய மகன், குளித்துவிட்டு சோபாவில் சாய்ந்திருக்கிறான். கையில் கைத்தொலைபேசி.

"ஏன்டா தம்பி, கொஞ்சம் வெளிய நடந்துட்டு வரலாம்ல? போன வாரம் கிளினிக்ல மிஸ்ஸி என்ன சொன்னாங்க?"

"எங்கம்மா நடக்கிறது? ரோட்ல வெளக்கு இல்ல. செம்பனை லோரி வேற பறக்குது. நாய் தொரத்துது."

"அப்ப சோத்தையாவது கொறச்சுக்கோ."

"சரிம்மா, சரிம்மா."

இந்தப் பேச்சு கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், ஈஜோக், புக்கிட் ரோத்தான் என்று எங்கே போனாலும் நம் வீடுகளில் கேட்கும். அம்மா சொல்வது சரி. மகன் சொல்வதும் பொய் இல்லை. அப்படியென்றால் வழி என்ன? ஒரு வழியாக, டிவிக்கு முன்னால் நின்று கை காலை அசைத்து ஆடும் உடற்பயிற்சி வீடியோ கேம்களை இந்தப் பாடத்தில் படிப்போம். இவை உண்மையில் பயன் தருமா, எவ்வளவு தரும், எங்கே ஏமாற்றும் என்று மூன்றையும் பார்ப்போம்.

1. வேலை மாறியது, தட்டு மாறவில்லை

நம் வட்டாரத்துத் தோட்டங்களின் கதை உங்களுக்குத் தெரியும். பெஸ்தாரி ஜெயாவை நம் பெரியவர்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். அதன் பக்கத்தில் உள்ள தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-ல் ஹென்ரி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் இந்த நாட்டிலேயே முதன்முதலாக வணிக முறையில் செம்பனை நட்டார். அதற்கு முன்னும் பின்னும் ரப்பர். அந்த மண்ணில் இறங்கி உழைத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள்.

அவர்களுக்கு உடற்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், நானூறு ஐந்நூறு மரம் நிரை பிடித்து வெட்டி, காண்டா வாளியில் பாலைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தார்கள். செம்பனைக் குலை அறுத்தவர் நீண்ட கம்பில் கட்டிய அரிவாளை நாள் முழுக்கத் தூக்கிப் பிடித்தார். அந்த உழைப்புக்கு மூன்று வேளைச் சோறும் பால்கட்டி போட்ட இனிப்புத் தேநீரும் எரிந்து போயின.

இன்று பிள்ளைகள் ஃபேக்டரியில் இயந்திரத்தின் முன் நிற்கிறோம், அலுவலகத்தில் உட்காருகிறோம், லோரி ஓட்டுகிறோம். உழைப்பின் அளவு இறங்கிவிட்டது. தட்டில் விழும் சோறும் கிளாசில் இருக்கும் தே தாரிக்கும் அப்படியே இருக்கின்றன.

கணக்கைப் பாருங்கள். சுகாதார அமைச்சின் 2019 தேசிய ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூன்று பேரில் ஒருவர். எந்த இனத்தையும்விட அதிகம். 2023 ஆய்வில் பெரியவர்களில் பத்தில் மூன்று பேர் போதிய உடல் அசைவு இல்லாதவர்கள் என்று தெரிந்தது. கால் விரல் எடுக்கப்பட்ட சித்தப்பா, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகும் அத்தை என்று நம் ஒவ்வொரு குடும்பத்திலும் இந்தக் கணக்குக்கு ஒரு முகம் உண்டு.

அசைவுக்கும் சர்க்கரைக்கும் என்ன தொடர்பு? தசை சுருங்கி விரியும்போது ரத்தத்தில் உள்ள சர்க்கரையைத் தானே உள்ளே இழுத்துக்கொள்கிறது. இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பிலும் வேலை செய்யும் தசை இதைச் செய்யும். அதனால்தான் மருத்துவர் மருந்தோடு நடையையும் எழுதிக் கொடுக்கிறார்.

2. இந்த விளையாட்டு நம் அசைவை எப்படிப் பார்க்கிறது?

2006 நவம்பரில் நிண்டெண்டோ நிறுவனம் வீ என்ற கருவியை வெளியிட்டது. கையில் பிடிக்கும் ரிமோட்டை ராக்கெட் மாதிரி வீசினால் திரையில் டென்னிஸ் பந்து பறக்கும். ரிமோட்டுக்குள் வேக மாற்றத்தை உணரும் சிறு உணரி இருந்தது. பஸ் திடீரென்று பிரேக் போட்டால் உங்கள் உடம்பு முன்னால் போகிறதல்லவா? அதே மாதிரி உணரிக்குள் இருக்கும் நுண்ணிய பகுதி நகர்கிறது. அந்த நகர்வை மின்சாரமாக மாற்றி, கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாகப் போனது என்று கருவி கணக்கிடுகிறது.

2007 டிசம்பரில் ஜப்பானில் வீ ஃபிட் வந்தது. நான்கு மூலையிலும் எடை உணரி உள்ள பலகை மேல் ஏறி நின்றால், உங்கள் எடை எந்தக் காலில் சாய்கிறது என்று திரையில் தெரியும். 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் கினெக்ட் வந்தது. இதில் கையில் எதையும் பிடிக்க வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசி, கேமரா வழியாக முழு உடம்பின் அசைவையும் அது பார்த்தது. 2017-ல் அதன் தயாரிப்பு நின்றது.

இன்று பலர் அறிந்தது 2019 அக்டோபரில் வந்த ரிங் ஃபிட் அட்வென்ச்சர். ஒரு வளையத்தைக் கையால் அழுத்தியும் இழுத்தும், தொடையில் ஒரு பட்டை கட்டி நின்ற இடத்தில் ஓடியும் ஆட வேண்டும். அழுத்தும் பலத்தை வளையமும் காலின் அசைவைப் பட்டையும் அளக்கின்றன. குந்தி எழுந்தால்தான் எதிரிக்கு அடி விழும். 2020 மார்ச் 18-ல் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி எல்லாரும் வீட்டுக்குள் அடைந்த காலத்தில், உலகம் முழுக்க இந்த விளையாட்டுக்குத் தட்டுப்பாடு வந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். கருவி பார்ப்பது உணரி இருக்கும் இடத்தை மட்டும். முதல் வீ டென்னிஸை சோபாவில் படுத்துக்கொண்டு மணிக்கட்டை மட்டும் சுண்டி ஜெயித்துவிடலாம். மெஷினை ஏமாற்றலாம். ரத்தத்தில் உள்ள சர்க்கரையை ஏமாற்ற முடியாது.

3. வியர்வை வருமா?

சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியை 1 மெட் என்பார்கள். 3 முதல் 6 மெட் வரை நடுத்தர உழைப்பு. வேகமாக நடப்பது இதில் சேரும். 6-க்கு மேல் போனால் கடும் உழைப்பு.

2010-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் வீ ஸ்போர்ட்ஸ், வீ ஃபிட் பிளஸ் ஆகியவற்றில் உள்ள 68 பயிற்சிகளை அளந்து வெளியிட்டார்கள். அவற்றில் 46 லேசானவை, 22 நடுத்தரம். கடும் உழைப்பு அளவை ஒன்றுகூட எட்டவில்லை. ஆக, எல்லா விளையாட்டும் உடற்பயிற்சி ஆகாது. குத்துச்சண்டை, நின்ற இடத்து ஓட்டம், விடாத நடனம், குந்தி எழுதல் போன்றவை உதவும். பந்து உருட்டுவதும் மீன் பிடிப்பதும் பொழுதுபோக்கு, அவ்வளவுதான்.

இன்னொரு ஆய்வு 2012-ல் வெளியானது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 9 முதல் 12 வயதுப் பிள்ளைகளில் ஒரு பிரிவினருக்கு அசைவு விளையாட்டும், மற்றவர்களுக்கு உட்கார்ந்து ஆடும் விளையாட்டும் கொடுத்து மூன்று மாதம் கவனித்தார்கள். இரு பிரிவினரின் மொத்த உடல் அசைவிலும் வித்தியாசம் இல்லை. யாரும் அட்டவணை போட்டுக் கொடுக்கவில்லை, கூட நின்று ஊக்குவிக்கவும் இல்லை. சாமி மேடை கட்டிவிட்டால் மட்டும் பூஜை நடந்துவிடுமா? விளக்கேற்ற ஒரு கை வேண்டும், அதற்கு ஒரு நேரமும் வேண்டும்.

4. நம் வீட்டுக்கு எப்படி?

உலகச் சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு இது: பெரியவர்களுக்கு வாரம் குறைந்தது 150 நிமிடம் நடுத்தர அசைவு. தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வாரம் இரண்டு நாள். 5 முதல் 17 வயதினருக்குச் சராசரியாகத் தினம் 60 நிமிடம்.

150 நிமிடம் என்றால் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி. வார நாளில் மூன்று இரவு விளையாட்டு, விடுமுறை நாளில் இரண்டு தடவை புக்கிட் மெலாவாத்தி ஏற்றமோ, திடலில் பூப்பந்தோ, கபடியோ என்று பிரித்துக்கொள்ளலாம். வேகம் போதுமா என்று பார்க்க மீட்டர் தேவையில்லை. ஆடும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. ஒரு பஜனைப் பாட்டை மூச்சு வாங்காமல் முழுசாகப் பாடிவிட்டால், தம்பி, நீங்க இன்னும் விளையாடத்தான் செய்றீங்க.

பணம்? புதுக் கருவியும் விளையாட்டும் சேர்த்து ஆயிரம் வெள்ளிக்கு மேல் போகும். கடன் வாங்கி வாங்க வேண்டாம். பயன்படுத்திய பழைய வீ மலிவாகக் கிடைத்தால் போதும். அதுவும் இல்லையென்றால், டிவியில் ஒரு உடற்பயிற்சிக் காணொளியைப் போட்டு அதைப் பார்த்து ஆடுங்கள். புள்ளி கிடைக்காது, வியர்வை கிடைக்கும். உங்கள் கைத்தொலைபேசியில் அடி எண்ணுவதும் வீ ரிமோட்டில் இருந்த அதே வகை உணரிதான்.

இடம்? கையை விரித்து ஒரு சுற்றுச் சுற்றினால் எதுவும் படாத அளவு போதும். மலிவுவிலை அடுக்குமாடியில் மேல்மாடிக்காரர்கள் ரிங் ஃபிட்டில் உள்ள சத்தமில்லா முறையைப் போடலாம். ஓடுவதற்குப் பதில் முழங்காலை மடக்கி எழுந்தால் போதும். கீழே நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கும் அண்ணன் உங்களை வாழ்த்துவார்.

தங்கைகளுக்கு இது இன்னும் முக்கியம். இருட்டிய பிறகு தோட்டத்து ரோட்டில் தனியாக ஓட வீட்டில் விட மாட்டார்கள். கதவைச் சாத்திக்கொண்டு ஹாலில் அரை மணி நேரம் குத்துச்சண்டை போட யார் தடை?

5. கவனம் தேவை

முதல் வாரமே வீரம் காட்டாதீர்கள். 2007-ல் ஸ்பெயினில் ஒருவர் மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடித் தோள்வலியோடு எழுந்தது மருத்துவ இதழிலேயே வந்தது. பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். முன்னும் பின்னும் கை காலை நீட்டி மடக்குங்கள்.

ரிமோட்டின் மணிக்கட்டுப் பட்டையைக் கட்டாயம் மாட்டுங்கள். ஆரம்பத்தில் அந்தப் பட்டைகள் அறுந்துபோனதால், 2006 டிசம்பரில் 32 லட்சம் பட்டைகளை மாற்றித் தர நிண்டெண்டோ முன்வந்தது. பட்டை இல்லையென்றால் போவது டிவி.

இனிப்பு நீர் உள்ள அம்மா அப்பா ஆடுவதென்றால் முதலில் மருத்துவரிடம் கேளுங்கள். இன்சுலின் போடுபவருக்குப் பயிற்சியின்போது சர்க்கரை சட்டென்று இறங்கலாம். காலில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு ஆடக்கூடாது. காலணி வேண்டும், பிறகு பாதத்தைப் பார்க்க வேண்டும். நெஞ்சு வலி, தலைசுற்றல் வந்தால் அந்த நிமிடமே நிறுத்த வேண்டும்.

இன்னொன்று. வீ ஃபிட் உடல் எடைக் குறியீடு 25 வரை 'சரி' என்று சொல்லும். ஆசியர்களுக்கு 23-லிருந்தே ஆபத்து கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2004-லேயே சுட்டியிருக்கிறது. அதனால் இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80. அதைத் தாண்டினால், மெஷின் என்ன பாராட்டினாலும் கிளினிக் போங்கள். அங்கே விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம்தான்.

6. உடம்பும் தர்மமும்

இது உடற்கல்விப் பாடம் மட்டும்தானா, சமய இதழில் ஏன் என்று கேட்கலாம். திருமூலர் முதலில் உடம்பை இழிவாக நினைத்திருந்தார். பிறகு இறைவன் குடியிருக்கும் இடம் என்று கண்டு அதைப் பேணினார். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் முழுக்க யோகம்தான். தைப்பூசத்தில் காவடி தூக்கவும், தோட்டத்துக் கோயில் திருவிழாவில் தேர் இழுக்கவும், படுத்திருக்கும் அப்பாவைத் தூக்கி உட்கார வைக்கவும் உடம்பில் வலு வேண்டும். நோயோடு உள்ள உடம்பைக் குறை சொல்லவில்லை. நம் கையில் உள்ளதைச் செய்யாமல் விடுவதுதான் குறை.

சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளுக்கும் சிலம்பத்துக்கும் பேட்டரி தேவையில்லை. விளையாட்டு உங்களை சோபாவிலிருந்து எழுப்பினால் அதன் வேலை முடிந்தது. எழுந்த பிறகு எங்கே போவது என்பது நம் கையில்.

முதலில் சொன்ன வீட்டுக்குத் திரும்புவோம். மகன் எழுந்து நின்றால் மட்டும் பாதி வெற்றி. "அம்மா, நீங்களும் வாங்க, பத்து நிமிஷம்" என்று கூப்பிட்டால்தான் முழு வெற்றி. ஒரு காலத்தில் ஐந்நூறு மரம் வெட்டிய கால்கள் அவை. உங்களைவிட நன்றாகவே ஆடக்கூடும்.

கிளைக் கூட்டத்தில் கலந்துபேச

1. உங்கள் வீட்டில் பாட்டன், அப்பா, நீங்கள் என மூன்று தலைமுறையின் ஒரு நாள் உழைப்பை எழுதுங்கள். சாப்பாட்டையும் பக்கத்தில் எழுதுங்கள். எங்கே இடைவெளி விழுந்தது?

2. கிளைக்கு ஒரு கருவி இருந்தால் கோயில் மண்டபத்திலோ பாலாய் ராயாவிலோ வாரம் ஒரு மாலை வைக்க முடியுமா? தாய்மாருக்கு எந்த நேரம் வசதி? யார் பொறுப்பு?

3. இந்த வாரம் உங்கள் அசைவு எத்தனை நிமிடம்? மறைக்காமல் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி மீண்டும் வரும்.