கோடு, வண்ணம், பரப்பு: கெய்தொண்டேயின் ஓவியங்கள்

"இதில் என்ன இருக்கிறது?"

நூலகத்தில் ஓர் ஓவியத்தின் அச்சுப்படத்தைக் காட்டியபோது நண்பர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மரமில்லை, மனிதரில்லை. மஞ்சளும் பழுப்பும் கலந்த பரப்பு. ஆங்காங்கே சில திட்டுகள். அன்று எனக்கு விடை தெரியவில்லை. பின்னர் நான் தேடிக் கண்ட விடையே இக்கட்டுரை.

அதை வரைந்தவர் வி. எஸ். கெய்தொண்டே. 1924இல் நாகபுரியில் பிறந்தவர். பம்பாய் சர் ஜே. ஜே. கலைப்பள்ளியில் பயின்று 1948இல் பட்டயம் பெற்றவர். 1971இல் பத்மஸ்ரீ விருது பெற்ற இவர், 2001இல் மறைந்தார். தம் படைப்புகளை 'அருவ ஓவியம்' என்று பிறர் கூறியதை அவர் ஏற்கவில்லை. 'பொருள் சாராத ஓவியம்' என்றார். ஒரு பொருளைப் பார்த்து அதன் உருவைச் சிதைப்பது வேறு. பொருளே இல்லாமல் தொடங்குவது வேறு அல்லவா?

கோடு: தொடக்கத்தில் அவர் கோட்டையே நம்பினார். இந்தியச் சிற்றோவியங்களும் பால் கிளேயின் படைப்புகளும் அவரைக் கவர்ந்தன. 1950களின் தொடக்கத்தில் வரைந்தவற்றில் மனித உருவங்களைக் காணலாம். நாளடைவில் உருவம் மறைந்தது. உருவத்துக்கு எல்லை கட்டிய கோடும் கரைந்தது.

வண்ணம்: கோடு விட்டுச் சென்ற இடத்தை வண்ணம் நிரப்பிற்று. பல ஓவியங்களில் ஒரே வண்ணம் ஆட்சி செய்கிறது. ஆயினும் அது ஒன்றன்று. அடர்ந்தும் வெளிறியும் பலவாகத் தோன்றுகிறது. காரணம், அவர் பரப்பை உருவாக்கிய முறை.

பரப்பு: எண்ணெய் வண்ணத்தை உருளையால் அடுக்கடுக்காகப் பரப்புவார், தட்டைக் கத்தியால் சில இடங்களில் வழித்தெடுப்பார். கிழித்த காகிதத் துண்டுகளைக் கொண்டு வண்ணத்தைப் பரப்பில் ஒற்றுவதும் உண்டு. பூசுவதைப் போலவே நீக்குவதும் அவருக்கு ஓவியம். எங்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு உதிர்ந்த இடத்தில், என்றோ அடித்த நீலம் தெரியும். அதைப் பார்த்தபோதுதான் இம்முறை எனக்கு விளங்கிற்று. சுவரில் காலம் செய்ததை, கெய்தொண்டே கருத்தோடு செய்தார். மேற்பரப்பில் நாம் காண்பது அடியில் உள்ளவற்றின் ஒளியே.

இவ்வாறு பொறுமையாக உழைத்ததால், ஆண்டுக்குச் சில ஓவியங்களே அவர் கையிலிருந்து வெளிவந்தன.

1984இல் ஒரு விபத்து அவர் உடலைத் தாக்கியது. பெரிய துணிப்பரப்பின் முன் நின்று உழைக்க இயலவில்லை. ஆயினும் அவர் கலையைக் கைவிடவில்லை. சிறு காகிதங்களில் மையினால் வரைந்தார். இளமையில் அவர் விட்டு விலகிய கோடு, முதுமையில் துணையாகத் திரும்பி வந்தது! ஆனால் இம்முறை அக்கோடு எந்த உருவத்துக்கும் எல்லை கட்டவில்லை; எந்த மொழிக்கும் உரியதல்லாத எழுத்தைப் போல் தனித்து நின்றது. பின்னர் துணிப்பரப்புக்கும் அவர் மீண்டார். 2014இல் நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகம் அவருடைய வாழ்நாள் படைப்புகளைத் திரட்டிக் காட்சிக்கு வைத்தது.

"இதில் என்ன இருக்கிறது?" என்ற நண்பருக்கு இன்று நான் கூறும் விடை இதுதான்: பூசியதும், வழித்ததும், பொறுத்திருந்ததும் இருக்கின்றன. கதை தேடும் கண்ணுக்கு இவ்வோவியம் வெறுமை; சற்று நின்று பார்க்கும் கண்ணுக்கோ நிறைவு. நண்பர்களே, அடுத்த முறை இத்தகைய ஓவியத்தைக் கண்டால், பக்கத்தைப் புரட்டுமுன் ஐந்து நிமிடம் பாருங்கள்.