ஓய்வு நாளில் ஒரு தொட்டிச் செடி

முப்பது நாற்பது ஆண்டுகள் பெரட்டுக்காக விடியுமுன் எழுந்தவர்களுக்கு, ஓய்வு பெற்ற பின்னும் அதே வேளையில் விழிப்பு வந்துவிடுகிறது. தோட்டத்து வீட்டை விட்டு அடுக்குமாடிக்குக் குடியேறியவர்களுக்கோ கொல்லையும் இல்லை, கோழியும் இல்லை. எழுந்து என்ன செய்வது என்று பலர் நம்மிடம் கேட்டதுண்டு.

சன்னலோரம் இரண்டு தொட்டிகள் வைத்துப் பார்ப்போமே! கற்பூரவல்லிக்கும் பாண்டானுக்கும் சிறிது வெளிச்சம் வேண்டும். வெயில் எட்டாத மூலைக்கு மணி பிளாண்ட் ஏற்றது. கணுவுள்ள கொடித்துண்டைத் தண்ணீரில் இட்டாலே வேர் விடும். அதன் இலையை மென்றால் வாய் எரியும். ஆதலால் பேரக் குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்தல் வேண்டும்.

வீட்டுச் செடிகளுள் பல வாடிச் சாவதில்லை, அழுகியே சாகின்றன. பொழுது போகவில்லையென்று நாள்தோறும் நீர் ஊற்றுவதே காரணம். மண்ணில் விரலை நுழைத்துப் பார்த்து, உலர்ந்திருந்தால் மட்டும் ஊற்றுக. பட்டையின் உள்ளே காயம் படாமல் பால் வெட்டிய கைக்கு இது பெரிய வித்தையன்று.

அடித்தட்டில் தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு பெருகும். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரமே போதும். வெட்டு நின்ற மரங்களில் பால் மங்குகளைக் கவிழ்த்து வைப்பதும் இதற்காகவே. தட்டையும் புட்டியையும் வாரந்தோறும் தேய்த்துக் கழுவுக. கொசு வளரவிட்டால் 1975ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதமும் உண்டு.

கற்பூரவல்லி தழைத்ததும் ஒரு கிளையை ஒடித்துப் பக்கத்து வீட்டாருக்குக் கொடுங்கள். குடிவந்த நாள்முதல் மூடியே கிடந்த கதவுகள் அதனால் திறந்ததை நாம் கண்டிருக்கிறோம்.