சர்வர் வாங்கப் போகிறீர்களா? கேள்வி-பதில்

கேள்வி: எங்கள் மருந்து மொத்தக் கடைக்கு சர்வர் வாங்குகிறோம். கோர் ஐ7, இசட்790 மதர்போர்டு, 64 ஜிபி டிடிஆர்5 என்று கொட்டேஷன் வந்திருக்கிறது. டிடிஆர்5-ல் ஈசிசி உள்ளேயே இருக்கிறது, தனியாக வேண்டாம் என்கிறார் கடைக்காரர். சரிதானா?
- வாசகர், ஈரோடு

பதில்: சரியில்லை. இந்தப் பேச்சை நம்பிப் பணத்தைக் கொட்டியவர்கள் என்னிடம் வந்துகொண்டே இருக்கிறார்கள். டிடிஆர்5 சிப்புக்குள் இருக்கும் பிழைதிருத்தம் அந்தச் சிப்புக்குள் நேரும் கோளாறுக்கு மட்டும். சிப்பிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் ஒரு பிட் புரண்டால் அதற்குத் தெரியாது. முழு ஈசிசி ரேம் டேட்டாவோடு சரிபார்ப்பு பிட்டுகளையும் சேர்த்தே அனுப்பும். ஒரு பிட் தவறினால் திருத்தும். இரண்டு தவறினால் எச்சரிக்கும்.

ஒரு மொத்தக் கடையில் 38 பெட்டி இருந்த சரக்கு, மறுநாள் காலை 4,134 என்று காட்டியது. கணக்கெழுதும் பையனை முதலாளி திட்டித் தீர்த்துவிட்டார். கழித்துப் பாருங்கள்: 4,096. பைனரியில் ஒரே ஒரு பிட். இரவு முழுக்க மெம்டெஸ்ட் ஓடவிட்டேன். ஒரே முகவரியில் திரும்பத் திரும்பச் சிவப்பு வரி. பையன் மேல் தப்பே இல்லை. கூகுள் சர்வர்களை ஆராய்ந்து 2009-ல் வெளியான ஆய்வில், ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு மெஷினில் ரேம் பிழை பதிவாகியிருந்தது. நோயாளிக்குப் போகும் மருந்தின் கணக்கில் இந்த ஆபத்து வேண்டாம்.

இசட்790-ல் ஈசிசி வேலை செய்யாது. அதே ஐ7 வேண்டுமென்றால் டபிள்யூ680 சிப்செட் போர்டும் அன்பஃபர்டு ஈசிசி ரேமும் கேளுங்கள். கொட்டேஷனை மாற்றித் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய சர்வரில் கழற்றிய டிடிஆர்4 ரெஜிஸ்டர்டு ரேம் மலிவாகக் கிடைக்கிறது. என் ரைசன் போர்டில் போடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: ஸ்லாட்டில் உட்காரும். மெஷின் பூட் ஆகாது. வாங்காதீர்கள்.

கேள்வி: எபிக் 9004 சர்வரில் 64 ஜிபி ரேம் இரண்டு போட்டிருக்கிறோம். எதிர்பார்த்த வேகம் இல்லை.
- வாசகர், சேலம்

பதில்: அந்த பிராசஸருக்கு 12 மெமரி சேனல். இரண்டே ரேம் போட்டால் பத்து சும்மா கிடக்கும். அதே 128 ஜிபியை 16 ஜிபி வீதம் எட்டாகப் போட்டிருக்க வேண்டும். பயப்பட வேண்டாம், சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. ரேமை மாற்றித் தருவார்களா என்று முதலில் கேளுங்கள்.

கேள்வி: ஈசிசி இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?
- வாசகர், திருச்சி

பதில்: லினக்ஸில் டிஎம்ஐடிகோட் ஓட்டுங்கள். டிடிஆர்4 ஈசிசி ரேம் என்றால் மொத்த அகலம் 72 பிட், டேட்டா அகலம் 64 பிட் என்று வரும். இரண்டுமே 64 என்றால் ஈசிசி இல்லை. பில்லைத் தீர்ப்பதற்கு முன் கடைக்காரர் எதிரிலேயே பார்த்துவிடுங்கள்.