அடுத்தவர் கடனுக்கு உன் செக்கா? கொஞ்சம் பொறு!

கொழுந்தனார் கடை வைக்கிறார், நாத்தனார் வீட்டில் கல்யாணம், பைனான்ஸ்காரர் செக் கேட்கிறார். செக்புக் இருப்பது உன் பெயரில். "சும்மா செக்யூரிட்டிக்குத்தான், பேங்கில் போடவே மாட்டாங்க" என்பார்கள். பேனாவை எடுப்பதற்கு முன் அக்கா சொல்வதைக் கேட்டுக்கோ.

செக் திரும்பினால் செலாவணி முறிச் சட்டத்தின் 138-ஆம் பிரிவு பாய்வது கணக்குக்குச் சொந்தக்காரராகக் கையெழுத்துப் போட்டவர் மேல்தான். "நான் ஒரு ரூபாய்கூட வாங்கலையே" என்பது அங்கே எடுபடாது. ஜாமீன் நின்றவர் கொடுத்த செக்கும் இதில் அடங்கும் என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2010-ல் வந்த தீர்ப்பு இன்னும் யோசிக்க வைக்கும். ஒரு கம்பெனியின் பாக்கிக்காக ஒருவர் தன் சொந்தக் கணக்கிலிருந்து செக் கொடுத்தார், அது திரும்பியது. 138 வழக்கு செக் கொடுத்தவர் மேல் மட்டுமே நிற்கும், பாக்கி வைத்த கம்பெனி மேல் நிற்காது என்றது நீதிமன்றம். கடன் வாங்கியவர் வீட்டில் இருப்பார், நீ வாய்தா வாய்தாவாகக் கோர்ட்டுக்கு அலைவாய். குற்றம் நிரூபணமானால் 2 வருடம் வரை சிறை, அல்லது செக் தொகையைப் போல இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும்.

தொகை எழுதாத செக்கில் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கவே கொடுக்காதே. நீயாக விரும்பிக் கொடுத்திருந்தால், தொகையை வேறு யார் நிரப்பியிருந்தாலும், கடனுக்காகக் கொடுத்தது என்றே நீதிமன்றம் முதலில் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று காட்ட வேண்டியது உன் பாடு. 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிட்டால் தப்பலாம் என்பதும் தப்புக் கணக்குதான். ஒன்று மட்டும் நிம்மதி: கணவரோடு சேர்ந்த ஜாயின்ட் அக்கவுன்ட் என்றாலும், அவர் மட்டும் கையெழுத்துப் போட்ட செக்குக்கு உன் மேல் 138 வராது.

உதவியே ஆக வேண்டுமா? திரும்பி வராவிட்டாலும் தாங்கக்கூடிய தொகையை உறவுக்காரர் கணக்குக்கே அனுப்பிவிடு. என்னைக் கேட்டால் அதுதான் உத்தமம். செக்தான் வேண்டும் என்றால், "இன்ன நம்பர் செக், இன்ன தொகை, என் கடனுக்காகக் கொடுத்தது, திரும்பினால் நானே பொறுப்பு" என்று அவரிடம் எழுதி வாங்கு. கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். ஆனால் நாளைக்கு நீ கட்டிய பணத்தை அவரிடம் வசூலிக்க அந்தத் தாள்தான் சாட்சி. கடனை நீ கட்டித் தீர்த்தால் பேங்க் மூலமாகவே கட்டு. ஒரிஜினல் செக்கைக் கையோடு வாங்கிக்கொள்.

செக் திரும்பிய தகவல் பேங்கிலிருந்து வந்த 30 நாளுக்குள் எதிர்த்தரப்பு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் உன் கைக்கு வந்தால், பணம் கட்ட உனக்கு 15 நாள். தபால்காரரிடம் வாங்க மறுத்துத் திருப்பி அனுப்பாதே. சரியான முகவரிக்கு வந்திருந்தால், மறுத்தாலும் கிடைத்ததாகவே கணக்கு. கையெழுத்துப் போட்டு வாங்கி, தேதியைக் குறித்து வைத்து, அன்றைக்கே ஒரு வக்கீலைப் போய்ப் பார்.