ஓதம் எந்த வழியாக வருகிறது? கடன் கேட்கும் முன் பாருங்கள்



தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் கொட்டுகிறது. தீபாவளி, பொங்கல் ஆர்டர்கள் வருவதும் அதே மாதங்களில்தான். வீட்டிலேயே தையல், அப்பளம், ஊதுபத்தி, மசாலாப் பொடி என்று தொழில் செய்கிற நமக்கு இது பெரிய சோதனை. துணியில் கரும்புள்ளி விழும், அப்பளம் நமுத்துப் போகும், ஊதுபத்தியில் பூஞ்சணம் பிடிக்கும். கடைக்காரர் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுவார். ஆனால் குழுவின் தவணை நிற்காது.

"மழைக்கு ரூம் நனையுது, ஷீட் போட கடன் குடுங்க" என்று கூட்டத்தில் கேட்பது வழக்கம். குழுவும் கொடுத்துவிடும். ஒரு உறுப்பினர் இப்படித்தான் உள்கடன் வாங்கி, ஓட்டைப் பிரித்துவிட்டு தகர ஷீட் போட்டார். அடுத்த மழையிலும் சுவரோரம் வைத்திருந்த ஜாக்கெட் துணிக் கட்டு நனைந்தது, அதுவும் அடிப்பக்கமாக! தண்ணீர் கூரையிலிருந்து வரவே இல்லை, தரையிலிருந்து ஏறியிருக்கிறது. போதாக்குறைக்கு, கோடையில் தகரத்தின் சூட்டில் மத்தியானம் மிஷினில் உட்கார முடியவில்லை. கடனை மட்டும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே முதல் வேலை, ஈரம் வரும் வழியைக் கண்டுபிடிப்பது. மேலேயிருந்து ஒழுகலாம், பக்கத்திலிருந்து சாரலாக அடிக்கலாம், தரையிலிருந்து ஏறலாம், காற்றிலேயும் இருக்கலாம். கடைசி இரண்டும்தான் நம்மை ஏமாற்றும். அதற்கு செலவில்லாத ஒரு சோதனை உண்டு. ஒரு அடி சதுர பாலிதீன் ஷீட்டைத் தரையில் விரித்து, நான்கு ஓரத்தையும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். ஷீட்டின் அடியில் நீர் முத்து கோர்த்திருந்தால் ஓதம் தரையிலிருந்து வருகிறது. மேல்பக்கம் மட்டும் நனைந்திருந்தால் அது காற்றின் ஈரம். சுவரிலும் இதே போல் ஒட்டிப் பார்க்கலாம்.

தரை ஓதம்தான் பெரும்பாலும் நம் வீடுகளின் நோய். சுவரின் அடியில் இரண்டு, மூன்று அடி உயரம் வரை பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் சந்தேகமே வேண்டாம். மண்ணின் ஈரத்தைச் செங்கல் திரி போல உறிஞ்சி மேலே ஏற்றுகிறது. இதன் மேல் பெயிண்ட் அடிப்பது வீண் செலவு, ஒரு மழைக்குத் தாங்காது. மண் சுவருக்கு சிமெண்ட் பூசுவதும் நல்லதல்ல. ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சுவர் கரையத் தொடங்கும். சுண்ணாம்புப் பூச்சுதான் மண் சுவருக்கு ஏற்றது. புதிதாகத் தரை போடுகிறவர்கள், மணல் பரப்பி, அதன் மேல் தடிமனான பாலிதீன் ஷீட்டை (1000 கேஜ் என்று கேட்டு வாங்குங்கள்) ஒன்றன் மேல் ஒன்று அரை அடி ஏறும்படி விரித்து, பிறகு கான்கிரீட் போடச் சொல்லுங்கள். "அதெல்லாம் எதுக்கும்மா" என்று கொத்தனார் சொல்வார். விடாதீர்கள். தரை போட்ட பிறகு இதைச் செய்ய முடியாது.

பக்கத்து ஈரத்துக்கு மண்வெட்டி போதும். கூரைத் தண்ணீர் விழுந்து தெறித்துத்தான் சுவரின் அடி ஊறுகிறது. சுவரை ஒட்டிக் குவிந்துள்ள மண்ணை வெட்டி எடுத்து, வெளிப்பக்கமாக அடிக்கு அரை அங்குலம் வாட்டம் கொடுங்கள். தண்ணீர் விழும் இடத்தில் ஜல்லி பரப்பினால் தெறிப்பு குறையும்.

கூரை ஒழுக்கில் ஒரு விஷயம். சொட்டு விழும் இடத்துக்கு நேர் மேலேயே ஓடு உடைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர் ரீப்பர் வழியாக ஓடி வேறு இடத்தில் சொட்டும். மழை பெய்யும்போதே உள்ளிருந்து பார்த்து சாக்பீஸால் குறி போட்டு வையுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை மட்டும் நீங்களே அறுக்கவோ சுரண்டவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கேடு.

காற்றின் ஈரம் என்றால், ஈரத் துணியை அந்த அறையில் காயப் போடாதீர்கள். அங்கேயே சமைக்கவும் வேண்டாம். வெயில் வந்ததும் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். அடைமழையில் திறந்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும்.

சரக்கைச் செங்கல் மேல் பலகை போட்டு, சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். செங்கலுக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு பாலிதீன் துண்டு அவசியம், இல்லையேல் செங்கல் வழியாகவே ஈரம் ஏறிவிடும். சாக்கு, அட்டைப்பெட்டி இரண்டும் ஈரத்தை இழுக்கும். மூடியுள்ள பிளாஸ்டிக் டிரம் சிறந்தது.

மோட்டார் மிஷின் வைத்திருப்பவர்கள் கட்டாயம் கவனிக்கவும். ஈரச் சுவரில் சுவிட்ச் போர்டு இருந்தால் இடம் மாற்றுங்கள். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் வைக்காதீர்கள். மின்கசிவு ஏற்பட்டால் தானாக மின்சாரத்தை நிறுத்தும் ஆர்.சி.சி.பி. கருவியை (30 மில்லி ஆம்பியர்) எலக்ட்ரீஷியனிடம் சொல்லிப் பொருத்துங்கள். எங்களைக் கேட்டால் கடன் தருவதில் முதலிடம் இதற்குத்தான்.

நம் கையில் மட்டும் இல்லாத ஒன்றும் உண்டு. பழைய ரோட்டின் மேலேயே புது ரோடு போட்டுப் போட்டு, பல தெருக்களில் வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியது. அப்படிப் பெய்தால் பள்ள வீட்டில் எந்தப் பூச்சும் நிற்காது. பழைய தளத்தைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய தளம் போட வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்தியிருக்கிறார். அக்டோபர் 2 கிராம சபையில் இதையும் வடிகாலையும் மனுவாகக் கொடுக்கலாம். தனி ஆளாகப் போகாமல், தெருவில் உள்ள குழுக்கள் எல்லாம் சேர்ந்து கையெழுத்துப் போட்டு, தீர்மானப் பதிவேட்டில் எழுதச் சொல்லிவிட்டு வாருங்கள்.