புதன்ல 49, வியாழன்ல 1: பிள்ளையோட கிரக வயசுக்கு அக்கா டிப்ஸ்

பிள்ளை ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்புக்கு வந்ததும் இந்தக் கேள்வி எப்படியும் வந்துரும், தங்கச்சி. "செவ்வாய்ல இருந்தா எனக்கு எத்தனை வயசும்மா?" உடனே போன்ல தேடி ஒரு நம்பரைச் சொல்லி அனுப்பிராத. புதன்ல 49 வயசுன்னு மட்டும் சொன்னா, அப்ப எனக்குத் தலை நரைச்சிருக்குமான்னு கேக்கும். சனியில அரை வயசுகூட ஆகலைன்னா, அங்க தவழ்ந்துக்கிட்டு இருப்பேனான்னு கேக்கும். ரெண்டுமே நியாயமான கேள்வி. உக்காந்து பதில் சொல்லணும். அதுக்கு வேண்டிய சாமான் எல்லாம் திருமங்கலத்துல எந்த வீட்டுலயும் இருக்கு: சுவத்துல தொங்குற தினசரி காலண்டர், பீரோவுல ஜாதக நோட்டு, கையில போன்.

முதல் வேலை, வயசை நாளா மாத்துறது. இதை மட்டும் தாண்டிப் போகாத. கிழிச்ச காலண்டர் தாளோட பின்பக்கத்தைக் கொடுத்து பிள்ளையையே எழுத வை. 2014-ல பிறந்த பிள்ளைக்கு 2026-ல 12 வயசு முடியுதுன்னா, 12-ஐ 365-ஆல பெருக்கினா 4,380. நடுவுல 2016, 2020, 2024 மூணு வருஷமும் பிப்ரவரி 29 வந்திருக்கு, அதுக்கு மூணு கூட்டு. மொத்தம் 4,383 நாள். பிள்ளையோட உடம்பு வளர்ந்தது இந்த 4,383 நாள்லதான். எந்தக் கிரகத்துல போய் நின்னாலும் இந்த எண்ணிக்கை மாறாது, நரைக்கவும் செய்யாது, தவழவும் வேண்டாம். மாறுறது, அந்த நாளை எத்தனை எத்தனையா பிரிச்சு "ஒரு வருஷம்"னு சொல்றோம்ங்கிறதுதான். பூமி சூரியனை ஒரு சுத்து சுத்தினா அது நமக்கு ஒரு வருஷம். அந்தந்தக் கிரகத்துக்கு அதோட ஒரு சுத்து ஒரு வருஷம்.

இப்ப இந்த எண்ணையெல்லாம் காலண்டர் அட்டையிலயே ஓரமா எழுதி வச்சுக்க, அடிக்கடி வேணும். நம்ம பூமி நாள் கணக்குல புதனுக்கு ஒரு சுத்து 88 நாள், வெள்ளிக்கு 224.7, செவ்வாய்க்கு 687, வியாழனுக்கு 4,333, சனிக்கு 10,759. பிள்ளையோட நாளை இதால வகுத்தாப் போதும். 4,383 நாள்னா புதன்ல 49 முடிஞ்சு 50 நடக்குது, வெள்ளியில 19, செவ்வாய்ல 6. வியாழன்ல இப்பத்தான் 1 முடிஞ்சிருக்கு. சனியில இன்னும் பாதிச் சுத்துகூட ஆகலை.

ஏன் இப்படி ஒண்ணு வேகமா, ஒண்ணு மெதுவான்னு கேக்கும்போது மதுரைக்குக் கூட்டிட்டுப் போனதை ஞாபகப்படுத்து. மீனாட்சியம்மன் கோயிலைச் சுத்தி ஆடி வீதி, அதுக்கு வெளிய சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியில வெளி வீதி. சூரியன் சன்னதின்னா புதன் ஆடி வீதியில சுத்துது, சனி வெளி வீதியில சுத்துது. ஆனா ஒண்ணு, தூரம் கூடுதல்ங்கிறதோட நிறுத்திராத. வெளிய இருக்கறது நடையும் மெதுவு. சூரியனோட இழுப்பு தூரம் போகப் போகக் குறையும். அதனால புதன் நொடிக்கு 47 கிலோமீட்டர் ஓடுது, பூமி 30, வியாழன் 13, சனி பத்துக்கும் கீழ. பாதையும் பெருசு, வேகமும் கம்மி, ரெண்டும் சேர்ந்துதான் வருஷம் அவ்வளவு நீளுது. ஒன்பது, பத்து படிக்கிற பிள்ளையா இருந்தா கெப்ளர் 1619-ல சொன்ன விதியைப் போட்டுப் பாக்கச் சொல்லு. வியாழன் சூரியன்ல இருந்து நம்மளைவிட 5.2 மடங்கு தூரம். 5.2-ஐ மூணு தடவை பெருக்கி வர்க்கமூலம் எடுத்தா 11.86 வரும். வியாழனோட ஒரு சுத்துக்கு ஆகுற வருஷம் அதுதான். கால்குலேட்டர்ல அந்த விடை வரும்போது பிள்ளை முகத்தைப் பாரு.

இனி ஜாதக நோட்டு. இதுல நான் பலன் பாக்கச் சொல்லலை, அது உன் வீட்டு வழக்கம். பிள்ளை பிறந்த அன்னைக்கு எந்தக் கிரகம் எந்தப் பக்கம் நின்னுச்சுங்கற குறிப்பு அதுல இருக்கு, அது நமக்கு வேணும். 12 கட்டம் போட்ட ராசிச் சக்கரத்தைத் தரையில சாக்பீஸால பெருசா வரைஞ்சுக்க. ஜாதகத்துல "குரு"ன்னு போட்ட கட்டத்துல (வியாழன்தான் குரு) ஒரு ரூபாய்க் காசு வை, "சனி"ன்னு போட்ட கட்டத்துல அஞ்சு ரூபாய்க் காசு வை. குரு ஒரு கட்டத்தைக் கடக்க ஏறக்குறைய ஒரு வருஷம், சனிக்கு ரெண்டரை வருஷம். இது அப்பத்தாவுக்கு மனப்பாடம். குருப்பெயர்ச்சின்னா சோழவந்தான் பக்கம் குருவித்துறைக்குப் போறவங்களுக்கும், ஆடிச் சனிக்கிழமை உசிலம்பட்டி வழியா தேனிப் பக்கம் குச்சனூருக்கு பஸ் ஏறுறவங்களுக்கும் இந்த ஒண்ணும் ரெண்டரையும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. காசை நகர்த்துற வேலையை அப்பத்தாகிட்டயே கொடு. ஒரு வயசு, ரெண்டு வயசுன்னு பிள்ளை சொல்லச் சொல்ல அவங்க நகர்த்தட்டும். 12 வயசுல ஒரு ரூபாய் புறப்பட்ட கட்டத்துக்கே வந்து நிக்கும். அதுதான் வியாழன்ல முதல் பிறந்தநாள். அஞ்சு ரூபாய் அப்ப அஞ்சாவது கட்டத்தைக்கூடத் தாண்டியிருக்காது. சனியில முதல் பிறந்தநாளுக்கு இருபத்தொன்பதரை வயசு வரைக்கும் காத்திருக்கணும். ஏழரைச் சனிங்கறதும் மூணு கட்டம் பெருக்கல் ரெண்டரைதான்னு அந்த இடத்துலயே பிள்ளைக்குப் புரிஞ்சுரும்.

கட்டம் ஒரு உத்தேசம். ஒரு கட்டத்துக்குள்ளயே முன்ன பின்ன இருக்கும், நடுவுல வக்கிரம்னு கிரகம் பின்னால போற மாதிரியும் தெரியும். சரியான தேதி வேணும்னா நாள் கணக்குக்கே வா. முதல் வியாழன் பிறந்தநாள், பிள்ளையோட 12-வது பிறந்தநாளுக்கு 50 நாள் முன்னாலயே வந்துரும்.

இன்னொரு விஷயம். புதனையும் சுக்கிரனையும் (அதான் வெள்ளி) இந்தக் கட்டத்துல வச்சு எண்ணாத, கணக்கு உதைக்கும். அது ரெண்டும் நம்ம பாதைக்கு உள்பக்கமா சுத்துது. இங்கிருந்து பாத்தா எப்பவும் சூரியனை ஒட்டியேதான் தெரியும். எந்த ஜாதகத்தை வேணா எடுத்துப் பாரு, புதன் சூரியன் இருக்கற கட்டத்துலயோ பக்கத்துக் கட்டத்துலயோதான் இருக்கும். சுக்கிரன் ரெண்டு கட்டத்துக்கு மேல விலகாது. கட்டத்துல பாத்தா அதுங்களும் வருஷத்துக்கு ஒரு சுத்து வர்ற மாதிரிதான் தோணும். ராகு, கேது வயசு கேட்டா, அது ரெண்டும் உருண்டை இல்ல, நிலாவோட பாதையும் சூரியனோட பாதையும் வெட்டிக்கிற ரெண்டு இடம்னு சொல்லிரு. அங்க போய் நிக்க முடியாது.

எட்டு வயசுப் பிள்ளை வீட்டுல இருந்தா வெள்ளியை விட்டுராத. பூமி எட்டு தடவை சுத்தி முடிக்கறதும் வெள்ளி 13 தடவை சுத்தி முடிக்கறதும் ஒரே சமயத்துல நடக்கும், ஒரு நாள்தான் வித்தியாசம். எட்டாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் வெள்ளியில 13 முடியும். எனக்கு ரொம்பப் பிடிச்ச கணக்கு இது. இந்த எட்டு வருஷப் பொருத்தத்தாலதான் வெள்ளி சூரியன் முகத்தைக் கடக்குறது 2004 ஜூன் 8-லயும் 2012 ஜூன் 6-லயும் ஜோடியா வந்துச்சு. அதுக்கு முந்தின ஜோடி 1874-லயும் 1882-லயும். 1874-ல நடக்கப் போறதை ஜனங்களுக்கு விளக்கணும்னு சென்னை வானாய்வுக் கூடத்துல வேலை பாத்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி தனியா ஒரு புத்தகமே எழுதினாரு. அடுத்த ஜோடி 2117-ல ஆரம்பிக்குது.

நாளையும் வருஷத்தையும் பிள்ளை குழப்பிக்கிற இடமும் புதன், வெள்ளிதான். புதன்ல ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் நடுவுல 176 பூமி நாள். அதாவது அங்க ஒரு பகலும் ஒரு ராத்திரியும் முடியறதுக்குள்ள ரெண்டு பிறந்தநாள் போயிரும். அதனால "எத்தனை நாள்"னு பேசும்போதெல்லாம் பூமி நாள்னு சேர்த்தே சொல்லிப் பழக்கு.

பெரியவங்களை விட்டுட்டுக் கணக்குப் போடாத. வீட்டுல அறுபதாம் கல்யாணம் வந்தா, திருக்கடையூர் போற வண்டியிலயே பிள்ளைங்களைக் கணக்குப் போடச் சொல்லு. 60 வருஷத்துல வியாழன் அஞ்சு சுத்து, சனி ரெண்டு சுத்து முடிச்சிருக்கும். தாத்தா ஜாதகத்துல இருக்கற கட்டத்துக்கோ அடுத்த கட்டத்துக்கோ ரெண்டு கிரகமும் திரும்ப வந்திருக்கும். அவர் பிறந்த தமிழ் வருஷமும் அறுபது முடிஞ்சு அதே பேர்ல திரும்பும். 1966 ஏப்ரல்ல பிறந்த பராபவ வருஷம் 2026 ஏப்ரல்ல மறுபடி. சதாபிஷேகத்துல ஆயிரம் பிறை கண்டவர்ங்கறோமே, அது நிலாவை வச்சு எண்ணுற வயசு. ஒரு பௌர்ணமிக்கும் அடுத்ததுக்கும் 29.53 நாள், ஆயிரத்தால பெருக்கினா 29,530 நாள், 80 வருஷம் 10 மாசம். நம்ம வீடுகள்ல பூமியைத் தவிர வேற ஒண்ணோட சுத்தை வச்சு வயசு எண்ணுற பழக்கம் ஏற்கெனவே இருக்கு, பிள்ளைக்கு அதைச் சொல்லாம விட்டா எனக்கு மனசு கேக்காது.

நெப்டியூனுக்கு 60,190 நாள். 1846-ல கண்டுபிடிச்ச பிறகு அது ஒரு முழுச் சுத்து முடிச்சதே 2011-லதான், அங்க யாருக்கும் முதல் பிறந்தநாள் வராது. யுரேனஸ் அப்படியில்ல, 30,687 நாள், ஏறக்குறைய 84 வயசு. உன் வீட்டுலயோ மாமியார் வீட்டுலயோ எண்பதைத் தாண்டினவங்க இருந்தா, பிறந்த தேதியில இருந்து 30,687 நாள் எண்ணி அந்தத் தேதியைக் காலண்டர்ல வட்டம் போட்டு வை. அன்னைக்கு ஒரு கேசரியாவது கிண்டிரு.