பூவை விடுங்கள், இலையைத் தடவிப் பாருங்கள்

தோட்டம் போடும் நண்பர்கள் செல்போனில் அடிக்கடி ஒரு படம் அனுப்புவார்கள். தரையோடு படர்ந்த கொடி, நடுவில் பளிச்சென்று ஒரு மஞ்சள் பூ. “மஞ்சள் கரிசலாங்கண்ணிதானே இது? சமைக்கலாமா?” என்று கேட்டிருப்பார்கள். பூ மட்டும் தெரிகிற படத்துக்கு நான் பதில் சொல்வதில்லை. கொடியின் நடுப்பகுதி இலை தெரிகிற மாதிரி இன்னொரு படம் கேட்பேன்.

காரணம், அந்தப் பூ இரண்டு செடிகளுக்குச் சொந்தம். ஒன்று நம்முடைய மஞ்சள் கரிசாலை, அதாவது மஞ்சள் கரிசலாங்கண்ணி. தாவரவியல் பெயர் ஸ்பாக்னெட்டிகோலா கேலண்டுலேசியா. பழைய மூலிகை நூல்களில் வெடிலியா என்று இருக்கும். இன்னொன்று அதே பேரினத்து ட்ரைலோபேட்டா. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடி. அழகுக்காகக் கொண்டுவந்து, இப்போது சாலை நடுத்திட்டு, ஹோட்டல் வாசல், வாய்க்கால் கரை என்று பாய் விரித்துக் கிடக்கிறது. சிங்கப்பூர் டெய்சி என்ற பெயரில் விற்பார்கள். உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு உயிரினங்கள் என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான ஐயுசிஎன் வெளியிட்ட பட்டியலில் இதுவும் ஒன்று. இதற்கே ‘மஞ்சள் கரிசாலை’ என்று சீட்டு குத்தி விற்ற நர்சரியையும் பார்த்திருக்கிறேன்.

பூவை வைத்து ஏன் முடிவெடுக்க முடியாது? ஒன்றைப் பறித்து நகத்தால் பிரித்தால் தெரியும். அது ஒற்றைப் பூவே இல்லை. நடுவில் குழல் குழலாய்ச் சின்னப் பூக்கள் நெருங்கி நிற்கும். சுற்றிலும் இதழ் என்று நாம் நினைப்பது ஒவ்வொன்றும் தனித்தனிப் பூ. அதன் நுனி எலி கடித்த மாதிரி இரண்டு மூன்று பல்லாக இருக்கும். இந்த அமைப்பு இரண்டு செடிக்கும் பொது. அமெரிக்கச் செடியின் மஞ்சள் கொஞ்சம் ஆரஞ்சு பக்கம் சாயும் என்பது உண்மைதான். ஆனால் உச்சிவெயிலில் செல்போன் கேமரா எடுத்த நிறத்தை யார் நம்புவது?

இலைக்கு வருவோம். நம்மூர்ச் செடியின் இலை நீண்டு ஒடுங்கியது. ஓரம் ஏறக்குறைய நேராக ஓடும்; அங்கொன்றும் இங்கொன்றுமாக ஆழமில்லாத பல் இருக்கலாம். விரலால் தடவினால் சொரசொரவென்று படும், குட்டை முடிகள் இலையோடு படிந்திருக்கும். அமெரிக்கச் செடியின் இலை தடிப்பானது, மேல்புறம் பளபளக்கும். நடுவுக்குச் சற்று மேலே இருபுறமும் ஒவ்வொரு மடல் துருத்தி நிற்பதால் இலை மூன்று பிரிவாகத் தெரியும். இங்கே ஒரு எச்சரிக்கை: கொழுந்திலும் நிழலில் வளர்ந்த தண்டிலும் இந்த மடல் சரியாக வராது. ஒரே இலையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. நுனியை விட்டுக் கீழே இறங்கி, முற்றிய இலைகள் சிலவற்றையாவது புரட்டிப் பார்க்க வேண்டும். கணுவில் வேர் விடுகிறதா என்று பார்ப்பது பயன்படாது, இரண்டும் விடும்.

கரிசாலை என்றே பெயர் கொண்ட இன்னொரு செடியான வெள்ளைக் கரிசாலையில் வேறு குழப்பம். பலர் வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து வந்துவிடுகிறார்கள். அதற்கு நீளமான காம்பின் உச்சியில் பூ, சுற்றிலும் அகலமாய் ஐந்தாறு இதழ், விதைக்குப் பறக்கும் பஞ்சு. கரிசாலைக்குப் பஞ்சு கிடையாது. இதழ்கள் நூல் மாதிரி மெலிசாக நிறைய இருக்கும். கசக்கினால் கொஞ்ச நேரத்தில் கை கறுக்கும். இதைவிட எளிதான சோதனை இல்லை.

“ஒரே குடும்பம்தானே, குணமும் அதேதான் இருக்கும்” என்று சிலர் வாதாடுவார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் டி.ஆர். கோவிந்தாச்சாரியும் உடன் பணியாற்றியவர்களும் மஞ்சள் கரிசாலையிலிருந்து பிரித்த வெடலோலாக்டோன் என்ற பொருளின் அமைப்பை 1956-இல் வெளியிட்டார்கள். அதே பொருள் வெள்ளைக் கரிசாலையிலும் இருக்கிறது. இத்தனைக்கும் மஞ்சளும் வெள்ளையும் வேறு வேறு பேரினம். உறவு எவ்வளவு நெருக்கம் என்பதை வைத்து மருந்துக் குணத்தைக் கணக்குப் போட முடியாது என்பதற்கு இதுவே போதும். சிங்கப்பூர் டெய்சியைச் சட்டிக்குக் கொண்டுபோக நான் சம்மதிக்க மாட்டேன்.

ஏற்கெனவே தோட்டத்தில் அது இருந்தால், பிடுங்குவதைவிடப் பிடுங்கியதை என்ன செய்கிறோம் என்பதுதான் முக்கியம். ஒரு கணு மண்ணில் கிடந்தாலும் துளிர்த்துவிடும். குப்பைக்குழியிலோ வாய்க்காலிலோ வீசக் கூடாது. சிமென்ட் தரையில் பரப்பி, தண்டு ஒடிகிற அளவுக்குக் காயவிட வேண்டும். மஞ்சள் கரிசாலையையும் சிங்கப்பூர் டெய்சியையும் பக்கத்துப் பக்கத்துத் தொட்டியில் ஒப்பிட்டுப் பார்க்க வைக்கிற ஆசையும் வேண்டாம். தெற்குச் சீனாவில் இவை இரண்டும் கலந்து கலப்பினமே உருவாகியிருக்கிறது. அதன் இலை இரண்டுக்கும் நடுவாக இருக்கும். அப்படி ஒன்று முளைத்தால் மேலே சொன்ன அடையாளம் எதுவும் கைகொடுக்காது.